"இது அவுக இல்லய்யா": உடைந்த போட்டோ ஒன்றைத் தெளிவாக்கப் போன கதை

பின்னணி

நான் வேலை பார்ப்பது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் உள்ள ஸ்டூடியோவில். முன்பக்கம் பாஸ்போர்ட் போட்டோ, பின்பக்கம் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஃப்ரேம் போடும் மேசை. கல்யாண ஆல்பம் தவிர எங்களுக்கு நிலையாக வருமானம் தருவது இறந்தவர்களின் படம். பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சுத்தம் செய்து, பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டுப் பதினாறாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியைத் தள்ளிப்போட முடியாது.

இங்கே எழுதுவது அப்படி வந்த ஒரு வேலை. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியும்படியான விவரங்களை விட்டுவிட்டேன். நாட்களை எல்லாம் இறப்பு நடந்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறேன். அந்த வீட்டில் அப்போது எல்லோரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள்: கைக்கு வந்த படம்

இறந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். மூத்த மகன் கடைக்கு வந்து எங்கள் முதலாளியிடம், "அண்ணாச்சி, பன்னெண்டுக்குப் பதினெட்டு ஃப்ரேம் வேணும். அப்பா சிரிச்சாப்புல இருக்கிற ஒரே படம் இதுதான்" என்று போனை நீட்டினார்.

படத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நெற்றி நிறையத் திருநீறு பூசி வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பியின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ அது. மற்ற படங்கள் இல்லாமலில்லை. கடைசி இரண்டு வருடம் நோயில் கிடந்தபோது எடுத்தவை நிறைய இருந்தன, நல்ல தெளிவாகவும் இருந்தன. வீட்டில் யாருக்கும் அவற்றை மாட்ட மனமில்லை.

படம் எந்த வழியாக வந்தது என்று கேட்டபோது முழுக் கதையும் வெளியே வந்தது. மும்பையில் இருக்கும் தம்பி வீட்டில் கல்யாண ஆல்பம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் யாரோ அதை பிளாஸ்டிக் உறையோடு வைத்துப் போனில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டார்கள். இன்னொருவர் அதை வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தார். மகளின் போனில் அந்த ஸ்டேட்டஸின் ஸ்க்ரீன்ஷாட் இருந்தது. அவர் அண்ணனுக்கு அனுப்பினார், அண்ணன் எங்களுக்கு அனுப்பினார். கணக்குப் பார்த்தால் குறைந்தது நான்கு முறையாவது சுருக்கப்பட்டு வந்த படம்.

அன்றைக்கே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி, "அந்த ஆல்பம் இப்போதும் இருக்கிறதா?" என்பது. கேட்கவில்லை. முதலாளி, "பண்ணிரலாம்" என்று அட்வான்ஸ் வாங்கிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

பெரிதாக்கிப் பார்த்தபோது

ஃபோட்டோஷாப்பில் திறந்து நூறு சதவீதத்தில் பார்த்தேன். ஸ்க்ரீன்ஷாட் என்னவோ நீளமாகத்தான் இருந்தது. ஆனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, போன் கடிகாரம், பேட்டரிக் குறி. நமக்கு வேண்டிய முகம் தாடையிலிருந்து முடி வரை 120 பிக்சல்தான், அதாவது படத்தை உருவாக்கும் 120 நிறப் புள்ளிகள்தான். கணினியில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்ட படம் 1957ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் கைக்குழந்தையின் படத்தை வைத்துச் செய்தது. அதுவே 176க்கு 176 பிக்சல் இருந்தது.

120 பிக்சல் என்ற எண்ணிக்கையை விட, அந்த 120 எந்த நிலையில் இருந்தது என்பது பெரிய பிரச்சினை. போன் படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று நினைக்கிற நுணுக்கங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேமிக்கும். அந்தக் கணக்கில் எங்கள் முகம் உயரத்தில் வெறும் பதினைந்து கட்டம். நிறத்தை இன்னும் தாராளமாகக் கழிப்பார்கள். பெரும்பாலான போன் படங்களில் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகத்தான் சேமிக்கப்படும். அதனால்தான் காதோரத் தோல் நிறம் சட்டைக் காலர் மேல் வழிந்திருந்தது. மீசையும் மேலுதடும் ஒரே பழுப்புப் பட்டையாகக் கலந்திருந்தன. பற்கள் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

எங்கள் கடைப் பேச்சில் இதற்கு "படம் உடைஞ்சிருக்கு" என்போம். பெரிதாக்கும்போதுதான் உடைகிறது என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். போனில் பார்க்கும்போதும் அது உடைந்துதான் இருந்தது. சின்னத் திரையில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"ஃப்ளெக்ஸ்ல நல்லாத்தானே இருந்துச்சு"

கொஞ்சம் தயக்கத்தோடு மகனிடம் படம் சரியில்லை என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, இதே படத்தை வச்சுத்தான் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிச்சோம். முக்குல கட்டியிருக்கு, போய்ப் பாருங்க. ஆறடி! அதுல நல்லாத்தானே இருக்கு?"

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கேள்வி எல்லா ஸ்டூடியோவிலும் வரும். பதில் தெரியாமல் "அது வேற, இது வேற" என்று மழுப்புவோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்ல பார்வை உள்ள மனிதக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும். ஒரு மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். ஃப்ளெக்ஸில் அவர் முகம் ஒன்றரை அடி உயரம். 457 மில்லிமீட்டரை 120ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 3.8 மில்லிமீட்டர். அதைப் பிரித்துப் பார்க்க முடியாத தூரம் பதின்மூன்று மீட்டர், அதாவது நாற்பது அடிக்குச் சற்று மேல். ஃப்ளெக்ஸ் தெருமுக்கில் உயரத்தில் கட்டியிருந்தது. பார்த்தவர்கள் பாதிப்பேர் வண்டியில் போனவர்கள்.

வீட்டில் மாட்டும் 12க்கு 18 அங்குலப் படத்தில் முகம் ஐந்து அங்குலம் வரும். அதில் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கட்டம் தெரியாமல் பார்க்கப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். அந்த வீட்டு முன்னறையே அவ்வளவு நீளம் இருக்காது. போதாக்குறைக்கு, விளக்கேற்றும்போது இரண்டடி தூரத்தில் முகத்துக்கு நேராக நிற்பார்கள்.

தூரம் இன்னொரு வேலையும் செய்கிறது. 1973ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய பெரிய சதுரங்களாக மாற்றிக் காட்டினார். கிட்டத்தில் பார்த்தால் வெறும் சதுரங்கள். கண்ணைச் சுருக்கியோ தள்ளி நின்றோ பார்த்தால் லிங்கன் தெரிவார். சதுரங்களின் கூரான ஓரங்கள்தான் முகத்தை மறைக்கின்றன. அவை மங்கினால் மூளை முகத்தைப் பிடித்துக்கொள்கிறது. தெருமுக்கு ஃப்ளெக்ஸில் நடந்தது இதுவே. அப்பாவைத் தெரிந்தவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் அன்று அவரிடம் நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டது பிறகுதான். "முயற்சி பண்றேன் அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

ஏழாம், எட்டாம் நாள்: செய்து பார்த்தவை

ஐந்து அங்குல முகத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 1500 பிக்சல் வேண்டும். கையில் இருப்பது 120. பன்னிரண்டரை மடங்கு. பரப்பளவில் பார்த்தால் 156 பிக்சலில் ஒன்றுதான் நம்முடையது, மீதி 155ஐயும் மென்பொருள் ஊகித்து நிரப்ப வேண்டும்.

முதல் நாள் வேலையில் நான் செய்த தவறு வரிசையில். முதலில் பெரிதாக்கினேன், பிறகு ஷார்ப் (ஓரங்களைக் கூராக்குவது) செய்தேன், கடைசியாக நாய்ஸை, அதாவது படத்தில் சிதறிக் கிடக்கும் வேண்டாத புள்ளிகளை, எடுக்கப் பார்த்தேன். ஃபோட்டோஷாப்பின் இமேஜ் சைஸில் ப்ரிசர்வ் டீடெயில்ஸ் 2.0 என்ற பெரிதாக்கும் வழியை வைத்துப் பெரிதாக்கியதும் எட்டுக்கு எட்டு கட்டங்களும் அதோடு சேர்ந்து பெரிதாகின. ஓரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அதைத் தூக்கிக் காட்டுவதுதான் நான் ஷார்ப் செய்யப் பயன்படுத்திய அன்ஷார்ப் மாஸ்க்கின் வேலை. கட்டத்தின் ஓரம் எது, கன்னத்தின் ஓரம் எது என்று அதற்குத் தெரியாது. அப்பாவின் கன்னம் தறியில் நெய்த துணி மாதிரி ஆனது.

இரண்டாம் முறை மாற்றிச் செய்தேன். முதலில் நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனிச் சேனலாகப் பிரிக்கும் லேப் மோடுக்கு மாற்றி, நிறத்தை மட்டும் வைத்திருக்கும் இரண்டு சேனல்களையும் லேசாக மங்கலாக்கினேன். நிறக் கட்டங்கள் கரைந்தன, காலரில் வழிந்த தோல் நிறமும் குறைந்தது. வெளிச்சத்தை வைத்திருக்கும் சேனலில் கட்ட ஓரங்களை மட்டும் மென்மையாக்கினேன். அப்புறம்தான் பெரிதாக்கினேன். இது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் பனி விழுந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர் மாதிரி இருந்தார். நேர்மையான மங்கல் என்று வேண்டுமானால் சொல்லலாம். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற படம் இல்லை.

எட்டாம் நாள் மாலை, முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் அதே படத்தைப் போட்டேன். இருபது நொடி. திரையில் வந்த முகத்தைப் பார்த்து நானே நாற்காலியை முன்னால் இழுத்தேன். ஒவ்வொரு இமை முடியும் தெரிந்தது. மீசை தனியாக, உதடு தனியாக. வரிசையான பற்கள். முதலாளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதை முதல்லயே பண்ண வேண்டியதுதானே, ரெண்டு நாளை வீணாக்கிட்டியே" என்றார்.

அன்று இரவே 12க்கு 18ல் பிரிண்ட் போட்டு ஃப்ரேமும் அடித்துவிட்டோம். மாதிரிக்கு என்று மகனின் போனுக்கும் படத்தை அனுப்பினேன். அவருக்கும் தங்கைக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒன்பதாம் நாள்: அம்மா சொன்னது

படத்தை வாங்க மகன் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். துக்க வீட்டிலிருந்து அவரைக் கூட்டி வந்தது சரியா என்று முதலாளிக்கே சங்கடம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏய்யா, இது அவுக இல்லய்யா."

மகன் பதறி, "எம்மா, அப்பாதான்மா, தெளிவாக்கியிருக்காங்க" என்றார். அம்மா அசையவில்லை. "சிரிப்பு இருக்கு, ஆளு இல்ல. அந்தப் பல்லு எங்க?"

எந்தப் பல் என்று கேட்டேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்குமாம். மூக்குக்குப் பக்கத்தில் இடது கன்னத்தில் ஒரு மரு. நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு. ஒவ்வொன்றாகத் திரையில் போய்ப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் பல் இடைவெளி 120 பிக்சல் முகத்தில் ஒரே ஒரு பிக்சல் அளவுதான் வரும். அது பக்கத்துக் கட்டத்தோடு கரைந்துபோயிருந்தது. செயலி பார்த்தது ஒரு வெள்ளைக் கோட்டை. வெள்ளைக் கோடு என்றால் வரிசையான பல் என்று நிரப்பியிருந்தது. மருவைத் தூசி என்று எடுத்துத் துடைத்திருந்தது. திருநீற்றுப் பட்டைகள்தான் எனக்கு ஆச்சரியம். மேல் பட்டை நெற்றியில் விழுந்த வெளிச்சமாகவும், கீழ் இரண்டும் நெற்றிச் சுருக்கமாகவும் மாறியிருந்தன.

இந்தச் செயலிகள் படத்துக்குள் மறைந்து கிடப்பதைத் தோண்டி எடுப்பதில்லை. ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கும். இந்தச் சிறு படத்தைப் பெரிதாக்கினால் எப்படிப்பட்ட முகம் வரக்கூடும் என்று அந்தப் பழக்கத்திலிருந்து ஒன்றை வரைந்து கொடுக்கும். அந்த முகத்தைத் திரும்பச் சுருக்கினால் நாம் கொடுத்த படத்தோடு பொருந்தும். ஆனால் அப்படிப் பொருந்தும் முகங்கள் எத்தனையோ இருக்கலாம். 2020ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இப்படியொரு முறையில், பராக் ஒபாமாவின் கட்டம் கட்டமான படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வந்தது. அப்போது அது உலகம் முழுக்கப் பேச்சானது. நான் அதைப் படித்துச் சிரித்தவன். எங்கள் கடைத் திரையில் அதன் சிறிய வடிவம் நடந்தபோது எனக்குத் தெரியவில்லை, அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை என்பதால்.

மகனுக்கும் மகளுக்கும் பிடித்தது, மனைவிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று பிறகு யோசித்தேன். மகள் பெரும்பாலும் போனில்தான் பார்த்தார். அம்மா முழு அளவில், கை தொடும் தூரத்தில் பார்த்தார். இது ஒரு காரணம். மற்றது நான் விளக்க வேண்டியதில்லை.

முதலாளி அந்த இடத்தில் நல்ல முடிவெடுத்தார். "சரிம்மா, இதுக்குக் காசு வேண்டாம். வேற பார்ப்போம்" என்றார். படத்தை ஃப்ரேமிலிருந்து கழற்றினோம்.

பத்தாம் நாள்: மும்பைக்குப் பேசியது

கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான்கு நாள் தாமதமாகக் கேட்டேன். ஆல்பம் இருக்கிறதா? இருக்கிறது. நெகட்டிவ்? கல்யாணம் எடுத்த ஸ்டூடியோவையே மூடிப் பல வருடமாயிற்று.

தம்பி துக்கத்துக்கு வந்துவிட்டு எட்டாம் நாளே மும்பை திரும்பியிருந்தார். ஆறாம் நாளே கேட்டிருந்தால் குடும்பத்தார் யாரையாவது ஆல்பத்தோடு வரச் சொல்லியிருக்கலாம். இப்போது கூரியரில் அனுப்ப அவருக்கு மனமில்லை. இருக்கிற ஒரே ஆல்பம், தொலைந்தால் போயிற்று. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்தத் தம்பியின் மகனிடம் போனில் பேசினேன். நல்ல பையன், சொன்னதை எழுதிக்கொண்டான். பிரிண்ட்டை பிளாஸ்டிக் உறையிலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. போனில் படம் எடுக்காமல் பக்கத்தில் ஸ்கேனர் உள்ள கடையில் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்ய வேண்டும். தானாக நிறம் திருத்தும் வசதி, ஷார்ப் செய்யும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். ஜேபெக் போல நுணுக்கத்தைக் கழிக்காத டிஃப் ஃபைலாகச் சேமிக்க வேண்டும். பிரிண்ட்டின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தேன்கூடு மாதிரி சொரசொரன்னு இருக்கு" என்றான். அந்தக் காலத்து சில்க் பேப்பர். அப்படியானால் ஒருமுறை நேராகவும், ஒருமுறை பிரிண்ட்டைத் தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்யச் சொன்னேன்.

தலைகீழாக ஏன் என்று கடைக்காரர் அவனிடம் கேட்டாராம். பெரும்பாலான ஸ்கேனர்களில் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழும். சொரசொரப்பின் ஒவ்வொரு மேடும் மறுபக்கம் ஒரு குட்டி நிழலைப் போடும். திருப்பி ஸ்கேன் செய்தால் நிழல் எதிர்ப்பக்கம் விழும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்திப் பாதிப் பாதியாகக் கலந்தால் நிழல்கள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முகம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அது அப்படியே நிற்கும்.

இதற்கிடையில் இங்கே மூத்த மகன் அப்பாவின் பாங்க் பாஸ்புக்கைக் கொண்டுவந்தார். அதில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தின் பாதியில் ரப்பர் ஸ்டாம்ப். ஆதார், குடும்ப அட்டைப் படங்கள் எதற்கும் உதவாது. பாஸ்புக் படத்தில் மரு எங்கே, மீசை எந்த வளைவில் என்பது தெளிவாகத் தெரிந்தது. கண்ணையோ மூக்கையோ அதிலிருந்து வெட்டி ஒட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். வயது வேறு, வெளிச்சம் வேறு, முகம் திரும்பியிருக்கும் கோணமும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டிலிருந்து பதினான்காம் நாள் வரை

ஸ்கேன் பன்னிரண்டாம் நாள் காலையில் வந்தது. ஆறுக்கு நான்கு அங்குலப் பிரிண்ட், 600 டிபிஐயில் 3600க்கு 2400 பிக்சல், ஒவ்வொரு ஃபைலும் ஏறக்குறைய 26 எம்பி. மின்னஞ்சலில் நேராகப் போகாமல் டிரைவ் இணைப்பாக அனுப்பியிருந்தான்.

பிரிண்ட்டில் அவர் முகம் 14 மில்லிமீட்டர் உயரம். 600 டிபிஐயில் அது 330 பிக்சல். முன்பு இருந்ததைப் போல மூன்று மடங்குகூட இல்லை. எண்ணிக்கையைக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இவை சுருக்கப்படாத பிக்சல்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு முன்பற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு சிறு கோடு. மூன்றோ நான்கோ பிக்சல் அகலம் இருக்கும். அம்மா சொன்ன இடம்.

இன்னும் கூடுதல் டிபிஐயில் ஸ்கேன் செய்தால் என்ன என்று முதலாளி கேட்டார். பிரிண்ட்டிலேயே இல்லாத நுணுக்கம் ஸ்கேனரில் வராது. தேன்கூட்டுச் சொரசொரப்புதான் இன்னும் நன்றாகத் தெரியும்.

இரண்டு ஸ்கேன்களையும் பொருத்திக் கலந்ததில் சொரசொரப்பு முக்கால்வாசி போயிற்று. நிறம் சிவந்திருந்தது. அக்காலத்துக் கலர் பிரிண்ட்களில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை, அதனால் வரும் சிவப்பு. பின்வரிசையில் நின்றவரின் வெள்ளைச் சட்டையை அளவுகோலாக வைத்து, ஃபோட்டோஷாப்பில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் சரிசெய்தேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை வெள்ளை என்று எடுத்திருந்தால் முகம் நீலம் பாய்ந்திருக்கும். பட்டு வேட்டி சந்தன நிறம்.

அடுத்து அளவு. இந்த முறை மென்பொருளுக்கு முன் கணக்கு. 330 பிக்சலை 12க்கு 18 முழுவதும் பரப்பினால் மறுபடியும் பழைய கதை. முகத்தை 2.6 அங்குலத்தில் நிறுத்தினால் அங்குலத்துக்கு 127 பிக்சல் கிடைக்கும். மூன்றடி தூரத்தில் கண் பிரித்தறிவது அங்குலத்துக்குச் சுமார் நூறு. ஆகவே தாங்கும். படத்தை 8க்கு 10 ஆக்கிச் சுற்றிலும் வெள்ளை மவுண்ட் (அட்டை ஓரம்) வைத்து 12க்கு 18 ஃப்ரேமுக்குள் பொருத்தலாம் என்றேன். மகனுக்குப் படம் சின்னதாகப் போகிறதே என்று வருத்தம். அம்மாதான், "மாலை போடுறதுக்கு எடம் வேணும்லா" என்றார். எனக்குத் தோன்றாத காரணம். மாலை மவுண்டின் மேல் விழும், முகத்தை மறைக்காது.

மீதி வேலை சுருக்கமானது. நாய்ஸை எடுத்து, இரண்டு மடங்குக்கும் சற்றுக் கூடுதலாகப் பெரிதாக்கி, கண், மீசை, பல் ஆகிய இடங்களில் மட்டும் மாஸ்க் வைத்து லேசாக ஷார்ப் செய்தேன். தோல் மெழுகு பூசியது போல ஆகாமலிருக்கக் கடைசியில் மெல்லிய கிரெய்ன், அதாவது பொடிப் புள்ளிகள், சேர்த்தேன். தோளில் கிடந்த மாப்பிள்ளையின் கையையும் அவர் மாலையின் ஓரத்தையும் பக்கத்து இடத்தை நகலெடுத்து மேலே பூசும் க்ளோன் ஸ்டாம்ப்பில் எடுத்தேன். அந்த இடத்துச் சட்டை மடிப்பு என் கைவேலை, அதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டேன். பின்னணி வெறும் சாம்பல். கோட் சூட் மாட்டிவிடவா என்று முதலாளி வழக்கம்போலக் கேட்டார். எங்கள் பக்கத்தில் வாழ்நாளில் கோட் போடாத பலர் படத்தில் கோட்டோடு இருக்கிறார்கள். அம்மா கையை அசைத்து மறுத்துவிட்டார்.

பதினான்காம் நாள் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் இது மங்கல்தான். இமை முடி தெரியாது. அம்மா படத்தின் கண்ணாடியில் பல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த சம்மதம்.

பிறகு நடந்தது

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் படமே வைக்கப்பட்டது. ஆல்பம் ஸ்கேனிலிருந்து மற்ற இரண்டு தம்பிமார் வீட்டுக்கும் ஆளுக்கொரு பிரதி போட்டார்கள்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து முதலாண்டு நினைவஞ்சலிக்குப் பத்திரிகை விளம்பரம் போட வேண்டும் என்று மகன் மறுபடி வந்தார். படத்தைப் போனுக்கு அனுப்பினார். ஃபைலின் பெயர் "அப்பா ஒரிஜினல்". திறந்தால் பற்கள் வரிசையாக இருந்தன, மருவைக் காணோம்.

எட்டாம் நாள் நான் மாதிரிக்கு அனுப்பிய அதே செயலிப் படம். மகளுக்கு அது பிடித்திருந்ததால் போனில் வைத்திருக்கிறார். குரூப்பிலும் போட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் தெளிவான படம் அதுதான் என்பதால் அதையே ஒரிஜினல் என்று யாரோ பெயரிட்டுவிட்டார்கள். நாங்கள் ஃப்ரேமிலிருந்து கழற்றிக் கிழித்துப்போட்டது பேப்பரை மட்டும்தான்.

மகனிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவும் அப்பா மாதிரிதான் தம்பி இருக்கு, எனக்கே இப்பக் கொழப்பமா இருக்கு" என்றார். விளம்பரத்துக்கு ஸ்கேன் படத்தைப் போட்டோம். மகளின் போனில் இருப்பதை மாற்றச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை, கேட்கவும் இல்லை. மகளுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவளுக்குத் தாத்தா என்றால் அந்தப் போனில் இருப்பவர்தான்.

இப்போது மாற்றிக்கொண்டவை

வேலை எடுக்கும்போதே, அட்வான்ஸுக்கு முன், இந்தப் படம் முதலில் பேப்பரில் இருந்ததா, போனில் இருந்ததா, அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். துக்க வீடென்றால் ஊரிலிருந்து யார் யார் இன்னும் வர வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்கிறேன். வருகிறவர்கள் கையிலேயே ஆல்பம் வந்துவிடும். போனில்தான் இருக்கிறது என்றால் முதலில் எடுத்த போனிலிருந்தே வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்கிறோம். அப்படி அனுப்பினால் ஃபைல் சுருங்காமல் வரும்.

முகத்தின் பிக்சல் உயரத்தை 125ஆல் வகுத்து வரும் அங்குலத்துக்கு மேல் முகத்தைப் பெரிதாக்குவதில்லை. மேசைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். முதலாளிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பெரிய ஃப்ரேம் போய்விடுகிறது என்பார். மவுண்ட்டுக்குத் தனியாகக் காசு வாங்க ஆரம்பித்த பிறகு முணுமுணுப்பு குறைந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியை அடியோடு விட்டுவிடவில்லை. துணி, பின்னணி, கட்டடம் போன்றவற்றுக்குப் பயன்படுத்துகிறேன். முகத்தில் கை வைத்தால், அந்த மனிதரோடு நெடுநாள் வாழ்ந்த ஒருவர் முழு அளவுப் படத்தைக் கடையில் நேரில் பார்த்த பிறகுதான் பிரிண்ட். போனுக்கு மாதிரி அனுப்புவதை நிறுத்திவிட்டோம். வற்புறுத்திக் கேட்டால் முகத்துக்குக் குறுக்கே "மாதிரி" என்று பெரிதாக எழுதி அனுப்புகிறேன். துக்க வீட்டுப் படத்தில் இப்படி எழுதலாமா என்று போன மாதம் ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.